வாட்டர்லூவில் கடல் இல்லை

வாட்டர்லூ பல்கலைக்கழக வளாகத்தில் கால் வைத்ததும் என்னை மறித்தது காவலாளி அல்ல, வாத்து. கறுப்புக் கழுத்தைத் தரையோடு தரையாக நீட்டி, நாக்கைக் காட்டிச் சீறிக்கொண்டு வந்தது. நம் குளத்து வாத்துகள் இரண்டைச் சேர்த்தால் வரும் உருவம். மே மாதம் கனடா வாத்துகளுக்குக் குஞ்சு வளர்க்கும் காலம்; நடைபாதை, புல்வெளி, வாகன நிறுத்தம் எல்லாம் அவற்றின் பட்டா நிலம். எங்கெங்கே கூடு இருக்கிறது என்று இங்கே வசந்த காலத்தில் வரைபடமே போடுகிறார்கள். அதைப் பார்க்காமல் வந்த குற்றத்துக்கு, ஒரு குப்பைத் தொட்டியின் பின்னால் பதுங்கி நின்றேன்.

“அங்கிள், ஓடாதேங்கோ. ஓடினா துரத்தும். முதுகைக் காட்டாம மெல்லமாப் பின்னால வாங்கோ.”

யாழ்ப்பாணத் தமிழ். ஸ்கார்பரோவில் பிறந்து வளர்ந்த பெண். டொரன்டோவில் நான் தங்கியிருந்த வீட்டுக்காரரின் அண்ணன் மகள். கினீசியாலஜியில் கடைசி வருடம் படிக்கிறாள். “வி.ஆர். கண்ணாடி போட்டுப் பார்க்க விருப்பமெண்டு சித்தப்பா சொன்னவர்” என்றாள். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. என் அம்மா விழுந்த கதையை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதை இப்படி மொழிபெயர்த்திருக்கிறார்.

டொரன்டோ யூனியன் நிலையத்தில் கோ ரயிலைப் பிடித்தால் பிராம்ப்டன், குவெல்ஃப் எல்லாம் கடந்து இரண்டு மணி நேரத்துக்குள் கிச்சனர் வந்துவிடுகிறது. ஜெர்மானியர் குடியேறிய ஊர். 1916 வரைக்கும் பெயர் பெர்லின். முதல் உலகப் போர் நடக்கும்போது பெர்லின் என்று பெயர் வைத்துக்கொண்டு கனடாவில் காலம் தள்ள முடியுமா? வாக்கெடுப்பு நடத்தி, அந்த வருடம் ஜூனில் கப்பலோடு மூழ்கிப்போன கிச்சனர் பிரபுவின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். 1902 முதல் 1909 வரை இந்தியப் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்த அதே கிச்சனர். கிச்சனர் எங்கே முடிந்து வாட்டர்லூ எங்கே தொடங்குகிறது என்று உள்ளூர்க்காரர்களுக்கே சரியாகத் தெரியாது. 2019-ல் ஓடத் தொடங்கிய அயான் டிராம் இரண்டையும் கோத்துக்கொண்டு, பல்கலைக்கழக வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுகிறது.

முந்தின நாள் செயின்ட் ஜேக்கப்ஸ் சந்தைப் பக்கம் காரில் போனபோது சாலையோரமாகக் குதிரை வண்டி ஒன்று போனது. கறுப்புப் பெட்டி வண்டி, பின்னால் ஆரஞ்சு நிற முக்கோணம், உள்ளே தொப்பி வைத்த பெரியவரும் முக்காடிட்ட அம்மாளும். மெனோனைட்டுகள். பென்சில்வேனியாவிலிருந்து 200 வருடங்களுக்கு முன்பு வந்த கூட்டத்தில், கார் வேண்டாம் என்று இன்றைக்கும் இருக்கும் பிரிவினர். குதிரை வண்டியும் வி.ஆர். என்கிற மெய்நிகர் கண்ணாடியும் ஒரே ஊரில் என்று நான் வியந்து சொன்னதை அந்தப் பெண் வியப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

“அவையள் நாள் முழுக்க நடக்கினம் அங்கிள். எங்களுக்கு அதுதான் விசயம்.”

சொல்லிவிட்டு ஒரு கணக்கும் வைத்தாள். 2004-ல், இதே தெற்கு ஒன்டாரியோவில், மெனோனைட்டுகளின் பங்காளிகளான ஆமிஷ் மக்களின் இடுப்பில் நடை எண்ணும் கருவியைக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஆண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 18,000 எட்டுக்கு மேல். பெண்கள் 14,000க்கு மேல். காலையில் 4,000 எட்டு நடந்துவிட்டு வீட்டில் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறவன் நான். பேச்சை மாற்றினேன்.

கினீசியாலஜி என்றால் என்ன என்று கேட்டேன். கிரேக்கத்தில் கினீசிஸ் என்றால் அசைவு. சினிமா என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆக, கோடம்பாக்கத்துக்கும் இந்தப் படிப்புக்கும் பங்காளி உறவு உண்டு. உடல் எப்படி அசைகிறது, எப்படி நிற்கிறது, ஏன் விழுகிறது என்பது படிப்பு. இங்கே இந்தத் துறை 1967-லேயே வந்துவிட்டது. இந்தப் பெயரில் உலகத்திலேயே முதல் துறை தாங்கள்தான் என்று சொல்லிக்கொள்கிறார்கள். நாலு மாதம் வகுப்பு, நாலு மாதம் வெளியே சம்பள வேலை என்று மாறி மாறிப் படிக்கும் ஊர் இது. அவள் ஒரு நாலு மாதத்தை முதியோர் இல்லத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துக் கழித்திருக்கிறாள்.

அம்மா கதைக்கு வருகிறேன். கும்பகோணத்தில் தனியாக இருக்கிறாள், 81 வயது. போன தை மாதம் கொல்லைப்பக்கம் போகும்போது விழுந்துவிட்டாள். எலும்பு முறியவில்லை, தோள்பட்டை மட்டும் நீலம் பாரித்துப்போனது. நான் ஓடிப்போய் முதலில் செய்த காரியம் திட்டினது. பார்த்து நடக்கக் கூடாதா, சுவரைப் பிடித்துக்கொண்டு போனால் என்ன என்று. அம்மா ஒன்றுதான் சொன்னாள்: “விழுந்ததே தெரியலடா. கெடக்கறதுதான் தெரிஞ்சுது.” நான் அதைச் சமாளிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் கூட்டிப்போன பி.சி. மேத்யூஸ் ஹால் என்ற கட்டடத்தில் எதிர்பார்த்த பளபளப்பு இல்லை. நீண்ட நடைகூடம், சுவரெல்லாம் ஆய்வுச் சுவரொட்டிகள், யாரோ மைக்ரோவேவில் சூடாக்கிய மதிய உணவின் வாசனை. பேராசிரியர் மைக்கேல் பார்னெட்-கோவன் இங்கே நடத்தும் ஆய்வுகள் கண், காது, தோல், தசை என்று பல வழிகளில் வரும் சேதியை மூளை எப்படி ஒன்றாக்குகிறது என்பதைப் பற்றியவை. வி.ஆர். கண்ணாடி அதற்கு நல்ல ஆயுதம். கண்ணுக்கு ஒன்றைக் காட்டிவிட்டு, காதுக்கு வேறொன்றைச் சொல்லலாம். இருவருக்கும் சண்டை மூட்டிவிட்டு, வேடிக்கை பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

அந்தச் சண்டை எனக்கு ஏற்கெனவே பழக்கம். சென்னையில் ஒரு வணிக வளாகத்தில் 200 ரூபாய் கொடுத்து மெய்நிகர் ராட்டினம் ஏறியிருக்கிறேன். இரண்டாவது வளைவிலேயே குடலைப் புரட்டியது. கையில் இருந்த பாப்கார்ன் டப்பா வேறு வேலைக்குப் பயன்பட்டது. அந்தக் கதையைச் சொன்னதும் அவள் முகத்தில் மருத்துவரின் மகிழ்ச்சி வந்தது. நோயாளி சரியான நோயோடு வந்திருக்கிறான்.

“கண் சொல்லுது, நீங்கள் பறக்கிறீங்கள் எண்டு. உள்காது சொல்லுது, இல்லை, கதிரையில இருக்கிறீங்கள் எண்டு.”

உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள். தலை சுழன்றால் உள்ளே இருக்கும் திரவம் அசைந்து சேதி சொல்லும். அவற்றின் அடியில் இரண்டு சிறு பைகள். அவற்றுக்குள் பொடிப்பொடியாகப் படிகங்கள், முட்டை ஓட்டில் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட். அவை எந்தப் பக்கம் சரிகின்றனவோ அதுதான் கீழ். தாயின் வயிற்றிலிருந்து சுமந்துகொண்டு வந்த தூக்குக்குண்டு இது. கொத்தனார் வைத்திருப்பதற்குப் பெயர் தெரியும். நாம் தலைக்குள் வைத்திருப்பது தலை சுற்றும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

முதலில் கண்ணாடியை என் முகத்துக்குப் பொருத்தினாள். இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, லென்ஸை நகர்த்தி வைத்தாள். இது அலட்சியமாகச் செய்கிற வேலையல்ல. மினசோட்டா பல்கலைக்கழகத்துக் கினீசியாலஜிக்காரர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரே விளையாட்டை ஆடிய ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் குமட்டியது. பெண்களுக்குச் சராசரியாக அந்த இடைவெளி குறைவு, கண்ணாடி அதற்கு ஏற்றபடி சுருங்குவதில்லை, அதுவும் ஒரு காரணம் என்று பின்னால் வேறு சிலர் சொன்னார்கள். ஆண் முகத்துக்கு அளவெடுத்துச் செய்துவிட்டு, பெண்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று முடிவு கட்டுவது புதிதா என்ன.

ஒரு நீளமான மேசையில் வலப்பக்கமாகப் படுக்கச் சொன்னாள். கண்ணாடிக்குள் கும்மிருட்டு. நடுவில் ஒரே ஒரு வெளிச்சக் கோடு. கையில் இருக்கும் கருவியைத் திருகினால் கோடு சுழலும்.

“தரைக்கு நேரா, செங்குத்தா நிக்கிற மாதிரி வையுங்கோ.”

வைத்தேன். கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம், சரி.

“நேர்தானே?”

“தென்னை மரம்.”

கண்ணாடியைக் கழற்றிக் கணினித் திரையைக் காட்டினாள். என் தென்னை மரம் புயலுக்குப் பிறகு நிற்பதுபோல, தலைப் பக்கமாக நன்றாகச் சாய்ந்திருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. நின்றுகொண்டு செய்தபோது கோடு சரியாக வந்தது. மறுபடி படுத்தேன், மறுபடி சாய்ந்தது. தெரிந்தே செய்தாலும் சாய்கிறது. 1861-ல் ஹெர்மன் ஆபெர்ட் என்ற ஜெர்மானியர் இருட்டறையில் கண்டுபிடித்த விஷயமாம் இது. சுற்றிலும் பிடிமானமாகப் பார்க்க ஒன்றுமில்லை என்றால் மூளை, மேல் என்பது என் உச்சந்தலை இருக்கும் திசை என்ற பழைய நம்பிக்கையின் பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிடுகிறது.

இந்தக் கோட்டை வைத்துத்தான் இங்கே குமட்டலைத் தேடியிருக்கிறார்கள். 31 பேரை அழைத்து, அவர்களுக்கு எது செங்குத்து என்று அளந்துகொண்டு, இரண்டு விளையாட்டுகளை ஆடவிட்டார்கள். ஒன்று சாது, மற்றொன்று குலுக்கி எடுப்பது. பிறகு மறுபடி அளந்தார்கள். எவருடைய செங்குத்து அதிகமாக இடம் மாறியிருந்ததோ அவர்களுக்குக் குமட்டல் குறைவு. மூளை வளைந்துகொடுத்தவர்களுக்கு வயிறு புரளவில்லை. பிடித்த பிடியை விடாதவர்களுக்குத்தான் டப்பா தேவைப்பட்டிருக்கிறது. நான் எந்த வகை என்று என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

இதில் என்ன பிரயோஜனம் என்று கேட்டுவிட்டேன். குமட்டல் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் இந்தக் கண்ணாடியை வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் தைரியமாக மாட்டலாம் என்றாள். மாட்டி என்ன ஆகப்போகிறது என்று அடுத்த கேள்வி. அதற்கு அவள் உடனே பதில் சொல்லவில்லை. என் அம்மா எப்படி விழுந்தாள் என்று விசாரித்தாள்.

சொன்னேன். அம்மாவின் வாக்கியத்தையும் சொன்னேன்.

அவள் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டாள். “அவா சரியாத்தான் சொல்லியிருக்கிறா அங்கிள்.”

இதே ஆய்வகத்திலிருந்து 2018-ல் வந்த ஆய்வு. ஆட்களைப் பாதுகாப்பாகக் கட்டி நிறுத்தி, எதிர்பாராத கணத்தில் சாய விடுகிறார்கள். காதில் ஒரு ஒலியும் கேட்கும். சாய்ந்தது முதலிலா, ஒலி முதலிலா? இதுதான் கேள்வி. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததாக இளைஞர்களுக்குத் தோன்ற வேண்டுமானால், ஒலிக்கு 44 மில்லி விநாடி முன்பே விழுதல் தொடங்கியிருக்க வேண்டும். அதாவது, இருபது வயதுக்காரனுக்கே தான் விழத் தொடங்கியது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிகிறது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 88 மில்லி விநாடி. இரண்டு மடங்கு.

கண் ஒரு முறை சிமிட்டும் நேரம்கூட இல்லை. ஆனால் கையை நீட்ட, சுவரைப் பிடிக்க, காலை எடுத்து முன்னால் வைக்க உடம்புக்குக் கிடைப்பதே ஒரு விநாடிக்கும் குறைவான நேரம்தான். அதில் முதல் துண்டு சேதி வந்து சேர்வதற்கே போய்விடுகிறது. “பார்த்து நடக்கக் கூடாதா” என்று நான் கத்தியது, தந்தி தாமதமாக வந்ததற்குத் தந்தி வாங்கினவளைத் திட்டியதுபோல. கொஞ்ச நேரம் அந்த அறையில் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சும்மா இருந்தாள். வெளியே வாத்துகள் கத்திக்கொண்டிருந்தன.

அப்புறம் படகு.

அதற்கு ஆங்கிலத்தில் சிலேடையாக ஒரு பெயர்: ‘சீஸ் த டே’. கடலையும், இந்த நாளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லும் பெயர். மறதி நோய் உள்ளவர்களுக்காக வாட்டர்லூ ஆட்கள் வடிவமைத்த மெய்நிகர் உடற்பயிற்சி. கினீசியாலஜி மாணவர்களும் பொறியாளர்களும் மட்டும் உட்கார்ந்து செய்ததல்ல. முதியோருக்குப் பயிற்சி கொடுப்பவர்களையும் மறதி நோயோடு வாழ்பவர்களையும் கூட்டு சேர்த்து, கொரோனா காலத்தில், ஒருவரையொருவர் நேரில் பார்ப்பதே சிரமமாக இருந்தபோது செய்தது. கடற்கரையில் தாய்-ச்சி, படகு வலிப்பது, மீன் பிடிப்பது. மூன்று காட்சி, அவ்வளவுதான். துப்பாக்கி இல்லை, மதிப்பெண் பட்டியல் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டினேன். கைக்கு ஒன்றாகப் பிடிக்கும் கருவி. படகில் இருந்தேன். தண்ணீர் பொம்மைப் படத்துத் தண்ணீர்தான். யாரும் அதை நிஜம் என்று ஏமாற மாட்டார்கள். ஆனால் துடுப்பை இழுத்ததும் படகு நகர்ந்தது, என் முதுகு தானாக முன்னால் வளைந்தது. இழு, நீட்டு, இழு. நான் கையைத் திருப்புவதற்கும் காட்சி திரும்புவதற்கும் நடுவே இருபது மில்லி விநாடிக்குமேல் போனால் உடம்பு கண்டுபிடித்துவிடுமாம். அதனால் இயந்திரம் உயிரைக் கொடுத்து ஓடுகிறது. நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. கரையைவிட்டு ரொம்ப தூரம் வந்துவிட்டோமோ என்று பயந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது.

கழற்றியபோது தோள்பட்டை வலித்தது. எத்தனை நிமிஷம் என்று கேட்டேன். நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு ஆகியிருந்தது. தோளை இத்தனை தடவை தூக்குங்கள் என்று பிசியோதெரபிஸ்ட் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தபோது நான் நாலாவது தடவையோடு டிவி பக்கம் போனவன்.

சுலபமாக மயங்கிவிடக் கூடாது என்று, கீழே இறங்கும்போது வம்புக்கு இழுத்தேன். வெளியே இத்தனை மரம், லாரல் கிரீக் ஓடை, புல்வெளி. கிழவர்களை இங்கே கூட்டிக்கொண்டு வராமல் அறைக்குள் உட்காரவைத்துப் பொம்மைக் கடல் காட்டுவது என்ன நியாயம்? இந்தக் கண்ணாடியை விற்கிறவர்கள் பேசுவதைக் கேட்டால் இனி காசி, ராமேஸ்வரம் எல்லாம் சோபாவிலேயே முடிந்துவிடும் போலிருக்கிறதே?

“நீங்கள் மே மாசம் வந்திருக்கிறீங்கள் அங்கிள்” என்றாள். “பெப்ரவரியில மைனஸ் இருபது. எங்கட அம்மம்மா நவம்பர்ல வீட்டுக்குள்ள போனா, ஏப்ரல்லதான் வெளிய வருவா. ஐஸில வழுக்கி விழுந்தா இடுப்பு போயிரும், பிறகு எழும்பவே ஏலாது. ஆறு மாசம் ஜன்னலுக்குள்ளால பார்த்துக்கொண்டு இருக்கிறா. அவவுக்குத் தோளுக்கு மேல கை தூக்க வைக்க நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ?”

அம்மம்மாவுக்குக் கண்ணாடி போட்டாயா?

“ஒருக்கா. ஊரில இருக்கிற நாவலடி ஒழுங்கையைக் காட்டு எண்டு கேட்டா. அது இதில இல்லையே.” சிரித்தாள். “ஆனா மீனைப் பார்த்ததும் கையை நீட்டினா. இது சமைக்கிற மீன் இல்லை எண்டு சொல்லிப்போட்டு, திரும்பவும் நீட்டினா.”

இந்த மெய்நிகர் கண்ணாடிக்கு முன்னோடிகள் உண்டு. 1968-ல் ஐவன் சதர்லேண்ட் செய்த முதல் கண்ணாடி, கூரையிலிருந்து இரும்புக் கையில் தொங்கியது. யார் தலைக்கும் பாரம் தாங்காது. பிற்பாடு சியாட்டிலில் ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் இருவரும் தீக்காய நோயாளிகளுக்குப் பனி உலகம் ஒன்றைக் காட்டினார்கள். காயத்துக்கு மருந்து மாற்றும் நேரத்தில் நோயாளி பென்குயின்கள்மேல் பனி உருண்டை எறிந்துகொண்டிருப்பார்; கவனம் அங்கே போய்விடுவதால் வலிக்கு மிச்சமாவது கொஞ்சம்தான். இவற்றையெல்லாம் அவள் பாடமாகப் படித்திருக்கிறாள், பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. நான் இதை நம்பும்படி ஆனது அதனால்தான். நோய் தீரும் என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கை எவ்வளவு உயரம் போனது, எத்தனை தடவை போனது, அடுத்த வாரமும் அவர் வர ஒப்புக்கொண்டாரா என்பதைத்தான் சொன்னாள்.

அவர்கள் நடைகூடத்துச் சுவரொட்டி ஒன்றில் ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பூத்துக் குலுங்குவது, தழைப்பது என்று அர்த்தம் வரும். மனிதன் தழைப்பது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வாய் என்று அவளைக் கேட்டேன். யோசித்துவிட்டு, “நல்லா இருக்கிறது?” என்றாள். தினமும் தெருவில் பத்துப் பேரை விசாரிக்கிற சொல். இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு என்னிடம் இல்லை.

டிராம் நிறுத்தம் வரை வந்து வழியனுப்பினாள். வாத்து இருக்கும் பக்கம் அவள் நடந்தாள். கிச்சனரில் ரயில் கிளம்பக் காத்திருந்தபோது பக்கத்துத் தண்டவாளத்து ரயில் நகர, நாங்கள்தான் கிளம்பிவிட்டோம் என்று நினைத்து முன் இருக்கையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டேன். சண்டையில் கண் ஜெயித்தது. காது என்ன சொன்னது என்று இன்றைக்கு முதல் தடவையாகக் கவனித்தேன்; ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் அது சொல்லிக்கொண்டிருந்தது.

டொரன்டோ போய்ச் சேர்ந்து சாப்பிட்டபோது மணி ஒன்பது. கும்பகோணத்தில் காலை ஆறரை. அம்மா வாசல் தெளித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரம். போன் போட்டேன். தோள் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். தை மாதம் திட்டினதைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, 88 மில்லி விநாடியை எப்படித் தமிழில் விளக்குவது என்று தெரியாமல் நடுவிலேயே விட்டுவிட்டு, இன்றைக்குப் படகு வலித்தேன் என்றேன்.

“நீயா? அரசலாத்துல முழங்காத் தண்ணிக்கே ஊரக் கூட்டினவனாச்சே நீ” என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “விழலையே?” என்றாள்.